பப்ளிக் எனிமியின் 1988 ஆல்பம்: புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹிப் ஹாப் பற்றிப் பேச்சு வந்தால், கொஞ்ச நேரத்தில் யாராவது இந்த ஆல்பத்தின் பெயரை எடுத்துவிடுவார்கள்: 'இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்'. பப்ளிக் எனிமி என்ற நியூயார்க் குழு 1988-இல் வெளியிட்டது. எங்களை அடக்கி வைக்க ஒரு தேசமே திரண்டு வர வேண்டியிருக்கும் என்று சவால் விடுகிற தலைப்பு. அவர்களுடைய முதல் ஆல்பத்தில் வந்த ஒரு வரியிலிருந்து எடுத்தது.

பேரைக் கேட்டு ஆர்வமாகத் தேடிப் போடுகிறவர்கள் பலர் மூன்றாவது பாட்டைத் தாண்டுவதில்லை. சைரன் அலறுகிறது. ஏதோ ஒன்று விடாமல் கீச்சிடுகிறது. இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்துகிறார்கள். முணுமுணுக்க ஒரு மெட்டுகூட அகப்படாது. "இதையா இவ்வளவு நாளாகப் புகழ்கிறார்கள்?" என்று தோன்றுவது நியாயம்தான்.

கருத்துள்ள ராப் என்று சொல்லி அறிமுகப்படுத்துவதால் வருகிற சிக்கல் இது. கேட்கிறவர் கருத்தைத் தேடுகிறார், சத்தம் குறுக்கே நிற்பதாக நினைக்கிறார். இந்த ஆல்பத்தில் முதலில் பேசுவது சத்தம்தான். வரிகள் அதற்குப் பின்னால் வருகின்றன. அந்த வரிசையில் கேட்டால் பிடிபடும். கீழே இருப்பது அப்படிக் கேட்பதற்கான ஒரு வழி. ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை, ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்

ஃபோனின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். பாஸ் என்ற அடித்தள ஒலி முழுக்கக் காணாமல் போய், கீச்சொலி மட்டும் மிஞ்சும். சுமாரான இயர்போன் போதும், பெரிய ஹெட்போன் இருந்தால் இன்னும் நல்லது. ஸ்பாட்டிஃபை, யூடியூப், ஆப்பிள் மியூசிக் எதில் வேண்டுமானாலும் ஆல்பம் கிடைக்கும். ஷஃபிளை மட்டும் அணைத்துவிடுங்கள். 2014-இல் வந்த விரிவாக்கப் பதிப்பு கண்ணில் பட்டால், அதில் உள்ள கூடுதல் பாடல்களை இப்போதைக்குத் தொட வேண்டாம். மொத்தம் 16 தடங்கள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுவே போதும்.

ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். முக்கியக் குரல் சக் டி, இயற்பெயர் கார்ல்டன் ரைடன்ஹவர். நடுநடுவே புகுந்து சீண்டுகிற குரல் ஃபிளேவர் ஃபிளேவ், கழுத்தில் பெரிய கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிபவர். ரெக்கார்டைச் சுரண்டுகிற, அதாவது ஓடுகிற இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்புகிற டிஜே டெர்மினேட்டர் எக்ஸ். மேடையில் ராணுவச் சீருடையும் பிளாஸ்டிக் துப்பாக்கியுமாக நிற்கிற அணி எஸ்1டபிள்யூ, அதன் தலைவர் புரொஃபசர் கிரிஃப். இசையைக் கட்டியவர்கள் 'பாம் ஸ்குவாட்' என்று பெயர் வைத்துக்கொண்ட தயாரிப்புக் குழு: ஹாங்க் ஷாக்லி, அவர் தம்பி கீத், எரிக் சாட்லர், கூடவே சக் டியும். ஆல்பத்தை வெளியிட்டது டெஃப் ஜாம் நிறுவனம்.

இவர்கள் சேரியிலிருந்து வந்தவர்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நியூயார்க் நகரத்துக்கு வெளியே லாங் ஐலண்டில், கறுப்பின நடுத்தர வர்க்கம் வாழ்ந்த ரூஸ்வெல்ட், ஹெம்ப்ஸ்டெட் பகுதிகளில் வளர்ந்தவர்கள். சக் டி அடெல்ஃபி பல்கலைக்கழகத்தில் கிராஃபிக் டிசைன் படித்தவர். துப்பாக்கிக் குறிக்குள் ஓர் ஆள் நிற்கிற அந்தப் பிரபலமான இலச்சினையை வரைந்தவரும் அவரே. அந்தப் பல்கலைக்கழக வானொலியில் நிகழ்ச்சி நடத்தி, ஊரில் விருந்துகளுக்கு ஸ்பீக்கர் கட்டி டிஜே வேலை பார்த்து, அப்புறம் இசைத்தட்டுக்கு வந்தவர்கள். ஆல்பம் வெளியானபோது சக் டிக்கு 27 வயது. அன்றைய ராப் உலகில் அது கொஞ்சம் முற்றிய வயது. அவர் குரலில் இருக்கிற நிதானத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் நாள்: மூன்றே பாட்டு, வேறு வரிசையில்

ஆல்பத்தின் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். அது ஏற்கெனவே இவர்களைத் தெரிந்தவர்களுக்கான வாசல்.

முதலில் 'டோன்ட் பிலீவ் த ஹைப்'. ஆல்பத்தில் கொஞ்சம் மெதுவாகப் போகிற பாட்டு, மூச்சுவிட இடம் இருக்கும். பத்திரிகைகளும் வானொலிகளும் தன்னைப் பற்றிச் சொல்வதையெல்லாம் நம்பாதீர்கள் என்று சக் டி பதில் சொல்கிறார். பதிலுக்குப் பதில் கொடுக்கிற தொனியைப் பிடித்துக்கொண்டால் போதும், ஒவ்வொரு வரியும் புரிய வேண்டியதில்லை.

அடுத்தது 'பிளாக் ஸ்டீல் இன் த அவர் ஆஃப் கேயாஸ்'. இது ஒரு முழுக் கதை, புதியவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவு இல்லை. அரசிடமிருந்து கதைசொல்லிக்கு ஒரு கடிதம் வருகிறது. ராணுவத்தில் சேரச் சொல்லி அழைப்பு. என்னைப் போன்றவனைப் பற்றி என்றைக்குமே கவலைப்படாத நாட்டுக்காக நான் ஏன் போக வேண்டும் என்று மறுக்கிறான். சிறையில் அடைக்கிறார்கள். அங்கே ஒரு காவலர் கண்ணயர்ந்த நேரத்தில் துப்பாக்கியைக் கைப்பற்றி, மற்ற கைதிகளையும் சேர்த்துக்கொண்டு தப்பிக்கிறான். கடைசியில் வெளியே ஓடுகிறவர்கள் 53 பேர். பின்னணியில் ஐசக் ஹேய்ஸ் 1969-இல் பதிவு செய்த ஒரு பாட்டின் பியானோத் துணுக்கு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. ஆல்பத்தின் மற்ற பாடல்களோடு ஒப்பிட்டால் இது கிட்டத்தட்ட காலி அறை. அந்தப் பியானோ முன்னேறாமல் ஒரே இடத்தில் நடைபோடுவதைக் கவனியுங்கள்: சிறைக்குள் அடைபட்டவனின் நடை. இடையில் ஃபிளேவர் ஃபிளேவ் தொலைபேசியில் பேசுவதுபோல வருவார், அவர் உண்மையிலேயே தொலைபேசி வழியாகத்தான் பேசிப் பதிவு செய்திருக்கிறார்.

வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967-இல் முகம்மது அலியின் பட்டத்தைப் பறித்தார்கள். அந்த நினைவோடு கேட்டால், முதல் வரியில் வருகிற கடிதத்தின் கனம் தெரியும்.

மூன்றாவது 'ரெபல் விதவுட் எ பாஸ்'. இது மட்டும் ஒருமுறை கேட்டு முடிகிற விஷயம் இல்லை.

இரண்டாம் நாள்: ஒரே பாட்டு, ஐந்து முறை

'ரெபல்' 1987-இலேயே, ஆல்பத்துக்கு முன்பு தனியாக வந்த ஒரு சிங்கிள் இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டாக வந்துவிட்டது. அந்த ஆண்டு எரிக் பி - ராகிம் இரட்டையரின் ஒரு பாட்டைக் கேட்டு, இதைத் தாண்ட வேண்டும் என்ற பொறாமையில் பிறந்தது. இந்த ஆல்பத்தில் உள்ள அத்தனை உத்திகளுக்கும் இதுவே விதை. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு அடுக்கை மட்டும் பின்தொடருங்கள்.

முதல் முறை, அந்தக் கீச்சொலி. பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் வாத்தியக் குழுவான த ஜேபீஸ் 1970-இல் வெளியிட்ட 'த கிரண்ட்' என்ற பாட்டின் தொடக்கத்தில் ஒரு சாக்ஸஃபோன் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். மூலப் பாட்டில் அது ஒரு சின்ன உற்சாகக் கூச்சல், வந்ததும் போய்விடும். பாம் ஸ்குவாட் அதை வெட்டி எடுத்து, பாட்டு முழுக்க விடாமல் ஓடவிட்டார்கள். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் அடுப்பை அணைக்கவில்லை, அப்படி ஒரு பதற்றம். அணைத்துவிடமாட்டார்களா என்று உடம்பு எதிர்பார்க்கிறது பாருங்கள், அந்த எதிர்பார்ப்பைத்தான் அவர்கள் நிறைவேற்ற மறுக்கிறார்கள். சாதாரணப் பாட்டு பதற்றத்தை ஏற்றிவிட்டு இறக்கிவைக்கும். இது ஏற்றி வைத்தபடியே விட்டுவிட்டுப் போகிறது. 1988-இல் நியூயார்க்கில் ஒரு கறுப்பின இளைஞனுக்குத் தெரு எப்படி இருந்தது என்பதை வார்த்தை இல்லாமலே இது சொல்லிவிடுகிறது.

இரண்டாம் முறை, டிரம்ஸ். இதுவும் ஜேம்ஸ் பிரவுன் வழி வந்ததுதான்: 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் கிளைடு ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த தனி ஆவர்த்தனம். ஹிப் ஹாப் வரலாற்றில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட டிரம் துணுக்குகளில் ஒன்று. 2017-இல் இறந்த ஸ்டபிள்ஃபீல்டுக்கு அதிலிருந்து உரிமைத்தொகை வந்ததில்லை, ஏனென்றால் பாட்டை எழுதியவராக அவர் பெயர் பதிவாகவில்லை. இந்தத் தகவலை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாம் முறை, சக் டியின் குரல். நியூயார்க்கின் கூடைப்பந்து வர்ணனையாளர் மார்வ் ஆல்பர்ட்டைக் கேட்டு வளர்ந்த குரல் இது, சக் டியே சொல்லியிருக்கிறார். அது தெரிந்த பிறகு வேறு மாதிரி கேட்காது: ஆட்டத்தின் உச்சத்திலும் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உச்சரிக்கிற வர்ணனையாளர். கீச்சொலி மேலே, குரல் கீழே. நடுவில் காலியாக விட்டிருக்கிற இடத்தில் சொற்கள் தெளிவாக விழும். இவ்வளவு சத்தத்திலும் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு இந்தப் பிரிவினைதான் காரணம்.

நான்காம் முறை ஃபிளேவர் ஃபிளேவ். கோமாளித்தனம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். அவரை மனதால் நீக்கிவிட்டுக் கேட்டுப் பாருங்கள், சக் டி மட்டும் தனியே பிரசங்கம் செய்துகொண்டிருப்பார், நான்கு நிமிடத்தில் களைத்துவிடுவோம். கூட்டத்திலிருந்து ஒருவன் "சொல்லுண்ணே, விடாதே" என்று தூண்டிக்கொண்டே இருப்பதால்தான் பிரசங்கம் தெருப்பேச்சாக மாறுகிறது.

ஐந்தாம் முறை டெர்மினேட்டர் எக்ஸ். பிற்பகுதியில் அவர் ரெக்கார்டைச் சுரண்டுகிற இடத்துக்குப் போங்கள். குரல்கள் ஒதுங்கி நிற்க, கை பேசுகிறது. அதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை, கேட்டுவிடுங்கள்.

வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு

இப்போது வரிகளுக்கு வரலாம். ஜீனியஸ் தளத்தில் பாடல் வரிகளும் பக்கத்திலேயே விளக்கக் குறிப்புகளும் கிடைக்கும். குறிப்புகளை எழுதுகிறவர்கள் ரசிகர்கள், எல்லாவற்றையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டு ஓடும்போது படிக்காமல், ஒருமுறை படித்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

முதலில் எடுக்க வேண்டியது 'நைட் ஆஃப் த லிவிங் பேஸ்ஹெட்ஸ்'. 1980-களின் நடுவில் கிராக் என்ற மலிவான கோகெய்ன் கறுப்பினக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. 1986-இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், 5 கிராம் கிராக் வைத்திருந்தவருக்கு என்ன தண்டனையோ, அதே தண்டனை தூள் கோகெய்னுக்கு 500 கிராம் இருந்தால்தான் என்றது. கிராக் ஏழைகளிடம் இருந்தது, தூள் பணக்காரர்களிடம். இந்த 100-க்கு 1 விகிதம் 2010 வரை நீடித்தது, அப்போதும் ஒழியவில்லை, 18-க்கு 1 ஆகக் குறைந்தது.

பாட்டில் சட்டத்தைப் பற்றிய விரிவுரை கிடையாது. ஒரு சின்னக் கதை வருகிறது. ஒருவன் பகலெல்லாம் தன் ஜீப்பிலேயே கிடக்கிறான். இரவு தூங்கிவிட்டுக் காலையில் எழுந்தால் காலில் இருக்கிற ஷூ மட்டும்தான் மிச்சம். ஜீப்பைக் கழற்றிக்கொண்டு போனவன் யார்? ஒரு காலத்தில் மைக் பிடித்துக் கலக்கிய ராப் பாடகன். புகைக்கும் குழாயை நிரப்பக் காசு வேண்டும். திருடனையும் நமக்குத் தெரியும், பறிகொடுத்தவனையும் தெரியும், இரண்டு பேரும் ஒரே தெரு. சொந்த மக்களுக்கே விற்கிற வியாபாரியின் மீது சக் டியின் கோபம் காவல்துறை மீதான கோபத்துக்குக் குறைந்ததில்லை. பாட்டுக்கு அடியில் வேறு வேறு பாட்டுகளின் துண்டுகள் வந்து வந்து போகும், அதே 'த கிரண்ட்' சாக்ஸஃபோனும் திரும்பி வரும்.

அடுத்து 'லவுடர் தேன் எ பாம்'. என் தொலைபேசியை அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஒட்டுக்கேட்கிறது என்கிறார் சக் டி. வீராப்புப் பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் மார்ட்டின் லூதர் கிங்கின் உரையாடல்களை அதே அமைப்பு 1963 முதல் ஒட்டுக்கேட்டது பதிவான வரலாறு. கறுப்பின இயக்கங்களைக் குலைக்க எஃப்பிஐ நடத்திய ரகசியத் திட்டம் 1971-இல்தான் வெளியே தெரிந்தது, பென்சில்வேனியாவில் ஓர் அலுவலகத்துக்குள் புகுந்து சிலர் கோப்புகளை எடுத்து வெளியிட்டதால். சக் டி 1960-இல் பிறந்தவர். இந்தச் செய்திகளெல்லாம் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில் வந்தவை.

'பிரிங் த நாய்ஸ்' பாட்டின் முதல் நொடிகளில் வருகிற குரல் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ். 1963-இல் டெட்ராய்ட்டில் பேசிய பேச்சிலிருந்து வெட்டியது. அசலில் அவர் பேசுவது காபியைப் பற்றி: மிகக் கறுப்பாக, மிகத் திடமாக இருக்கிற காபியில் கிரீமைக் கலந்து கலந்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறார்கள் என்று, கறுப்பின உரிமைக்காக அந்த ஆண்டு நடந்த வாஷிங்டன் பேரணியைக் கிண்டல் செய்கிறார். கறுப்பு, திடம் என்ற இரண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு கிரீமை வெளியே விட்டுவிட்டார்கள். இந்தப் பாட்டில் சக் டி வெள்ளையர்களை மட்டும் திட்டவில்லை. தங்களைக் கறுப்பின வானொலி என்று சொல்லிக்கொண்டு ராப் ஒலிபரப்பத் தயங்கிய நிலையங்களையும் பிடிபிடி என்று பிடிக்கிறார்.

வரி புரியவில்லையென்றால் கவலை வேண்டாம். விளையாட்டு வீரர்கள், டிவி நிகழ்ச்சிகள், நியூயார்க் வட்டார ஆட்கள் என்று ஏகப்பட்ட பெயர்கள். அன்றைய அமெரிக்கர்களிலேயே பாதிப் பேருக்குப் பாதிதான் புரிந்திருக்கும்.

சாம்பிள் வேட்டை

சாம்பிள் என்றால் பழைய பாட்டிலிருந்து வெட்டி எடுத்துப் புதுப் பாட்டில் வைக்கிற துணுக்கு. அதைத் தேடுவதை விருப்பம் இருந்தால் செய்யுங்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் ஆல்பத்தின் மீது தீராத மோகம் பிடித்தவர்கள் எல்லோரும் இந்தக் கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள். ஹூசாம்பிள்டு என்ற தளத்தில் பாட்டின் பெயரைப் போட்டால், அதற்குள் இருக்கிற பழைய பாடல்களின் பட்டியல் வரும், எந்த நொடியில் வருகிறது என்பதோடு. 'த கிரண்ட்'டையும் 'ஃபங்கி டிரம்மர்'ரையும் முதலில் கேளுங்கள். அப்புறம் 'ஷீ வாட்ச் சேனல் ஜீரோ' பாட்டின் கித்தாரைத் தேடுங்கள்: ஸ்லேயர் என்ற மெட்டல் குழுவின் 1986 பாட்டு. ராப்புக்குள் அப்படியே திரும்பித் திரும்பி ஓடுகிறது.

எப்படிச் செய்தார்கள்? அன்றைய சாம்பிளர் கருவிகளில் புகழ்பெற்ற எஸ்பி-1200-இன் மொத்த நினைவகம் சுமார் 10 நொடி. ஆமாம், நொடிதான். அதனால் நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய ரெக்கார்டை 45 சுற்று வேகத்தில் ஓட்டிப் பதிவு செய்து, கருவிக்குள் வைத்து மெதுவாக்குவது அந்தக் காலத்து உத்தி. இடம் மிச்சமாகும், கூடவே ஒலி கரகரத்துப் போகும். அந்தக் கரகரப்பைத் துடைத்து எடுக்கத் தோன்றுகிற இடத்தில் பாம் ஸ்குவாட் மேலும் இரண்டு கரகரப்பை அடுக்கினார்கள். துணுக்குகளைக் கையாலேயே தட்டி வாசித்ததும் உண்டு, அதனால் தாளம் இயந்திரத்தனமாக இறுகாமல் லேசாக ஆடும்.

இப்படியொரு ஆல்பத்தை இன்று யாராலும் இதே முறையில் வெளியிட முடியாது. 1991-இல் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகருக்கு எதிரான வழக்கில், அனுமதி இல்லாத சாம்பிள் திருட்டு என்று நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒவ்வொரு துணுக்குக்கும் விலை வந்துவிட்டது. ஒரு பாட்டுக்கு இரண்டு சாம்பிள் என்றால் கட்டுப்படியாகும், பத்துப் பதினைந்து என்றால் ஆகாது. தங்கள் பாணியை மாற்ற வேண்டி வந்ததற்கு இதுவே காரணம் என்று சக் டியும் ஹாங்க் ஷாக்லியும் சொல்லியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த ஆல்பத்திலேயே 'காட், கேன் வி கெட் எ விட்னஸ்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. பீட், அதாவது தாளத் துணுக்கு, திருடியதாக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவன் வாதாடுகிறான். மண்ணில் கிடந்த தாதுவைக் கண்டெடுத்தேன், அதற்கு யாருக்குக் காசு கொடுப்பது என்பது அவன் கேள்வி. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த வாதம்.

ஸ்டபிள்ஃபீல்டை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். சக் டியின் வாதம் எனக்குப் பாதிதான் ஏற்புடையது. தாது தானாக மண்ணில் கிடக்கவில்லை, ஒருவர் உட்கார்ந்து வாசித்தார். ஆனால் பின்னால் வந்த சட்டமும் அவருக்குக் காசு வாங்கித் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உறுத்துகிற இடங்கள்

புகழ் பாடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். புதிதாகக் கேட்கிறவர் தாண்ட வேண்டியதில்லை.

'சேனல் ஜீரோ' பாட்டு, நாள் முழுக்கத் தொடர் பார்க்கிற பெண்ணைத் திட்டுகிறது. ஆண்களின் அரசியலைப் பற்றி இவ்வளவு நுட்பமாகப் பேசுகிற ஆல்பத்தில், பெண்ணுக்குக் கிடைத்த பெரிய இடம் டிவி முன்னால் இருக்கிற சோபா. 'பிளாக் ஸ்டீல்' கதையிலும் தப்பி ஓடப் பார்க்கிற பெண் காவலரைக் கதைசொல்லி சுட்டுவிட்டு, சாதாரணமாக அடுத்த வரிக்குப் போகிறான். அந்த இடத்தில் ஒரு நொடி தயங்கினால் தவறில்லை.

லூயி ஃபாரகானை ஆல்பம் வெளிப்படையாகப் போற்றுகிறது. நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற கறுப்பின முஸ்லிம் அமைப்பின் தலைவர், யூதர்களைப் பற்றி வெறுப்புப் பேசியவர். 1989-இல் புரொஃபசர் கிரிஃப் பத்திரிகைப் பேட்டியில் யூதர்களைப் பற்றி மோசமாகப் பேசி, குழுவிலிருந்து நீக்கப்பட்டார். ஆக, அது எங்கிருந்தோ திடீரென்று முளைத்த பேச்சில்லை. மேன்மையான சமூக உணர்வு, அருவருப்பான வெறுப்பு என்று தனித்தனியாகப் பிரித்துப் பெட்டியில் வைக்க இந்த ஆல்பம் வசதி செய்து தரவில்லை. இரண்டும் ஒரே நாற்பது வினாடிக்குள் வரும். அதனாலேயே இதை வைத்து இன்றும் சண்டை போட முடிகிறது. எல்லோரும் தலையாட்டி ஒப்புக்கொள்கிற ஆல்பமாக இருந்தால் பாடப்புத்தகத்தில் இருந்திருக்கும், காதில் இருந்திருக்காது.

இனி முழுதாக

வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதல் தடத்திலிருந்து போடுங்கள். இப்போது அந்தச் சைரன் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு கேட்கலாம்: 1987 நவம்பரில் லண்டனின் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் நடந்த நிகழ்ச்சி. அந்தக் கூட்டத்தின் ஆரவாரத் துண்டுகள் ஆல்பத்தின் பல இடங்களில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே வந்து ஒட்டுப் போடும். அமெரிக்க வானொலி கண்டுகொள்ளாதபோது கடல் தாண்டி ஒரு கூட்டம் இவர்களை ஆர்ப்பரித்து வரவேற்றது என்பதை ஆல்பம் முதல் நிமிடத்திலேயே சொல்லிக்காட்டுகிறது.

கேசட்டின் இரண்டு பக்கங்களுக்கும் வெள்ளி, கறுப்பு என்று பெயர். முதலில் கறுப்புப் பக்கம்தான் முன்னால் வர இருந்தது, கடைசி நேரத்தில் ஹாங்க் ஷாக்லி இடம் மாற்றினார். இரண்டும் கிட்டத்தட்ட சம நீளம், ஒரு பக்கம் முடிந்தால் மறுபக்கம் உடனே தொடங்கிவிடும். 'ஷோ எம் வாட்சா காட்' தொடங்கும்போது நீங்கள் இரண்டாம் பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள். அதில் வருகிற சாக்ஸஃபோனைப் பின்னாளில் ராப் பாடகர் ஜே-ஸியின் பாட்டில் கேட்டிருக்கக்கூடும். 'செக்யூரிட்டி ஆஃப் த ஃபர்ஸ்ட் வேர்ல்டு' என்ற சின்ன வாத்தியத் தடத்தின் பீட் 1990-இல் மடோனாவின் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சாம்பிள் எடுத்தவர்களிடமிருந்தே சாம்பிள்.

கடைசிப் பாட்டுக்கு இரண்டு இயர்போனும் காதில் இருக்கட்டும். 'பார்ட்டி ஃபார் யுவர் ரைட் டு ஃபைட்'. அதே நிறுவனத்தின் வெள்ளைக்கார ராப் குழு பீஸ்டி பாய்ஸ் 1986-இல், கும்மாளம் போடும் உரிமைக்காகப் போராடு என்று பாடிப் பெரும் வெற்றி கண்டது. இவர்கள் தலைப்பைத் திருப்பிப் போட்டு, பிளாக் பாந்தர் என்ற கறுப்பினப் புரட்சிக் கட்சியையும் அதை ஒடுக்கிய எஃப்பிஐ தலைவர் ஹூவரையும் பாடுகிறார்கள். சக் டியும் ஃபிளேவர் ஃபிளேவும் ஒரே வரிகளைச் சேர்ந்து சொல்ல, குரல்கள் ஆளுக்கொரு காதாகப் பிரிந்து கேட்கும். ஆல்பம் முழுக்க ஒருவர் பேச ஒருவர் தூண்டினார்கள். இங்கே மட்டும் இரண்டு பக்கமும் சமம்.

மார்வின் கேயின் 1971 ஆல்பம் 'வாட்ஸ் கோயிங் ஆன்' கறுப்பின இசைக்குச் செய்ததை ஹிப் ஹாப்புக்குச் செய்ய நினைத்தோம் என்று சக் டி சொல்லியிருக்கிறார். ஆல்பம் வெளியான ஆண்டே வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகையின் விமர்சகர் வாக்கெடுப்பில் முதலிடம், அடுத்த ஆண்டில் அமெரிக்காவில் 10 லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம். ரோலிங் ஸ்டோன் இதழின் 500 ஆல்பங்கள் பட்டியலில் 2003-இல் 48-ஆம் இடத்தில் இருந்தது, 2020-இல் 15-க்கு ஏறியது. பட்டியல்களை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஆனாலும் வயதாக ஆக மேலே ஏறுகிற ஆல்பங்கள் குறைவு.

பிடித்துவிட்டால் அடுத்து

இதே குழுவின் 1990 ஆல்பம் 'ஃபியர் ஆஃப் எ பிளாக் பிளானட்' நேரடித் தொடர்ச்சி, ஒலி இன்னும் அடர்த்தி. பாம் ஸ்குவாட்டின் கைவண்ணம் வேறு குரலோடு எப்படி இருக்கும் என்று தெரிய ஐஸ் கியூபின் 1990 ஆல்பம். 'சேனல் ஜீரோ' கசந்தவர்கள் குயின் லத்தீஃபாவின் 'ஆல் ஹெயில் த குயின்' பக்கம் போகலாம், 1989. 'பிரிங் த நாய்ஸ்' பாட்டையே ஆந்த்ராக்ஸ் என்ற மெட்டல் குழு பப்ளிக் எனிமியோடு சேர்ந்து 1991-இல் மறுபடி செய்திருக்கிறது, கித்தார் பிரியர்களுக்கு அதுவே எளிய நுழைவு. 'பிளாக் ஸ்டீல்' பாட்டை 1995-இல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் டிரிக்கி தன் ஆல்பத்தில் சேர்த்தபோது, அதைப் பாடியது ஒரு பெண் குரல், மார்ட்டினா டாப்லி-பர்ட். அதே கடிதம், அதே மறுப்பு, அவள் வாயில் கதையே வேறாகிறது.

லண்டன் குடியிருப்பில் வளர்ந்த ஈழத் தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம், பின்னாளில் எம்.ஐ.ஏ., வீட்டு வானொலி திருடுபோன பிறகு பக்கத்து வீட்டிலிருந்து வந்த ஹிப் ஹாப்பைக் கேட்டு அதற்குள் வந்தவர். தன்னை ஈர்த்ததாக அவர் சொன்ன பெயர்களில் பப்ளிக் எனிமியும் உண்டு. அவருடைய 2005 ஆல்பம் 'அருளர்', 2007 ஆல்பம் 'கலா' இரண்டையும் இந்த ஆல்பத்துக்கு அடுத்த நாளே போட்டுப் பாருங்கள். 'கலா'வில் வருகிற துப்பாக்கிச் சத்தமும் பணப்பெட்டிச் சத்தமும் எந்த வழியாக வந்தன என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.